மருமகளைப் பற்றிப் பதினான்கு பக்கம்

ஓஷ்,
நோருஸ் பண்டிகை முடிந்த மறு வாரம்

அன்பு மகன் மிர்லானுக்கு,

அம்மா சல்கின் எழுதுவது. காசு கொடுத்து வாங்கிய கட்டுரையை நானே எழுதியது என்று கல்லூரியில் கொடுத்துப் பிடிபட்டுவிட்டேன். சந்தையில் எவளாவது கண் காது மூக்கு வைத்து உனக்குச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. வீடு, கரா-சூ சந்தையில் நம் திரைச்சீலைக் கடை, கீழ் அறைகளில் நடக்கும் மழலையர் பள்ளி எல்லாம் அதது இடத்தில் அப்படியே இருக்கின்றன. உன் பெண்டாட்டி பெகாயிமும் நன்றாக இருக்கிறாள்.

போன மாதம் நீ ஒன்று கேட்டாய். இங்கே யெகாதெரின்பூர்கில் அறை பார்த்துவிட்டேன், பெகாயிமை அனுப்பி வையுங்கள் என்றாய். நான் முடியாது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதற்கான சரியான பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பஸ் ஓட்டுகிறவன், வண்டி நிற்கும் இடங்களில்தான் பேசுவாய், 'சரிம்மா, சரிம்மா' என்பாய், வண்டி கிளம்பிவிடும். நானும் பாதியில் திரைச்சீலை விலைக்குப் போய்விடுவேன். கனிபெக் டிரைவர் உன் பக்கம் சரக்கு ஏற்றிப் போகிறான், அவன் கையில் இதையும் ஒரு பெட்டி உலர்ந்த ஆப்ரிகாட்டையும் கொடுத்திருக்கிறேன். பெட்டியைப் பிரிப்பதற்கு முன் கடிதத்தைப் படி. நடுவில் தாண்டாதே. படிக்காமல் தாண்டியதால்தான் எனக்கு இவ்வளவும் வந்தது.

நான் ஏன் படிக்கப் போனேன் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்குச் சின்னக் கட்டில் வாங்கினேன், சின்ன நாற்காலி வாங்கினேன். பட்டம் படித்தவர் தலைமையில் இருந்தால்தான் உரிமம் என்றதும் பட்டத்தையும் வாடகைக்கு எடுத்தேன். பட்டம் வைத்திருக்கும் அந்த அம்மாள் காலையில் வந்து தேநீர் குடித்துவிட்டு மதியம் போகிறாள். என் வீட்டுக் கதவில் அவள் பெயர்ப் பலகை தொங்குகிறது. அதைக் கழற்றத்தான் இந்த வயதில் அஞ்சல் வழியில் கல்வியியல் சேர்ந்தேன். எனக்குத் தேவை பட்டம்தான், படிப்பு இல்லை. எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

கல்லூரியில் நடக்கும் வசந்தகால நேரடி வகுப்புக்குப் புதிதாக ஓர் ஆசிரியை வந்தாள், தமாரா என்று பெயர். உன்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். எல்லார் கையிலும் பதினான்கு பக்கக் கட்டுரை ஒன்றைக் கொடுத்தாள். பிஷ்கெக்கில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் எழுதியது. மகன் வெளிநாட்டில் வேலை செய்யும் வீடுகளில் மருமகள் எப்படி இருக்கிறாள் என்பது பற்றி. பென்சில் இல்லாமல் இதைத் தொடாதீர்கள் என்றாள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நின்று, அது சொல்வதை ஓரத்தில் உங்கள் சொல்லில் எழுதுங்கள். புரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் சும்மா தலையை ஆட்டாதீர்கள், காரணம் எழுதுங்கள். பிறகு, இது உங்கள் வாழ்க்கையை எங்கே தொடுகிறது என்று இரண்டு பக்கம் எழுதி வாருங்கள் என்றாள்.

எனக்கு அப்போது கடையில் சரக்கு இறங்கும் நேரம். கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சாபிரிடம் போனேன். எந்தப் பாடத்துக்கும் அவனிடம் கட்டுரை கிடைக்கும். இதற்கும் கிடைத்தது. மடித்துக் கைப்பையில் வைத்து, மறுநாள் அப்படியே எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த வகுப்பில் தமாரா என் தாளை எடுத்து உரக்கப் படித்தாள். "இந்த வீட்டுக்கு நான் மணப்பெண்ணாக வந்த அன்று, என் மாமியார் நடுங்கும் கையால் என் தலையில் வெள்ளை முக்காடு கட்டினார். அந்தக் குளிர்காலமே அவர் காலமானார். இன்றும் பனி பெய்யும்போது அவர் நினைவு வருகிறது." என் நிஜ மாமியார் நடுங்கின கைக்காரியா என்று உன் சித்தப்பாக்களைக் கேட்டுப் பார். இருந்தாலும் நன்றாகத்தான் எழுதியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் தமாரா இன்னொரு தாளை எடுத்தாள். அதே மணப்பெண், அதே முக்காடு, அதே குளிர்காலம். அந்தத் தாள் டோக்டொசுனுடையது. மல்யுத்தப் பயிற்சியாளர், இரண்டு காதும் நசுங்கி, கழுத்து என்று தனியாக ஒன்று இல்லாத ஆள்.

தமாரா அவனைப் பார்த்து, "டோக்டொசுன், உங்க தலையில முக்காடு நின்னுச்சா?" என்று கேட்டாள். வகுப்பே மேசையில் தட்டிச் சிரித்தது. அவன் என் பக்கம் சாய்ந்து, "அக்கா, நாம ரெண்டு பேரும் ஒரே மாமியாருக்கு வாக்கப்பட்டிருக்கோம் போலிருக்கே. நல்ல வேளை, கிழவி சீக்கிரம் போய்ட்டா" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வெளியே வந்ததும் தமாரா என்னை நிறுத்தினாள். "நீங்க காசு கொடுத்து வாங்கினதுக்கு நான் கோபப்படலக்கா. வாங்கினதைக்கூடப் படிக்கலையே, அதுதான்" என்றாள்.

மிர்லான், இத்தனை வருட வியாபாரத்தில் பிரித்துப் பார்க்காமல் நான் ஒரு சுருள் துணி வாங்கியதில்லை. நூலை இழுத்துப் பார்ப்பேன், ஈர விரலால் தேய்த்துச் சாயம் பார்ப்பேன். என்னிடம் அந்தப் பெண் இப்படிச் சொன்னதில் எனக்குப் பட்ட அவமானம் வகுப்பில் சிரித்தபோதுகூடப் படவில்லை. கல்லூரி அலுவலகத்தில் என் பெயரை நீக்கச் சொல்கிறார்களாம். தமாரா கெஞ்சி ஒரு வாய்ப்பு வாங்கியிருந்தாள். இந்தப் பருவ வகுப்புகள் முடிவதற்குள் கட்டுரையைப் படித்து, ஓரக் குறிப்புகளோடு கொண்டுவர வேண்டும். எந்த வரியைக் காட்டிக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பட்டமும் இல்லை, பலகையும் இல்லை.

நேரே சாபிர் கடைக்குப் போனேன். விற்றது தப்பில்லை, ஒரே வகுப்பில் ஒரே சரக்கை இரண்டு பேருக்கு விற்றது தப்பு என்றேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "தனிப் பிரதி வேணும்னு நீங்க சொல்லலையே அக்கா. தனியா தைக்கிறதுக்கு வேற ரேட்டு" என்றான். ஞாயம்தான். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். சரி, தனியாகவே தைத்துக் கொடு என்று உட்கார்ந்தேன். அளவெடுக்கிற மாதிரி கேட்க ஆரம்பித்தான். மருமகள் உண்டா? உண்டு. எப்படிப்பட்டவள்? நல்லவள். என்ன பிடிக்கும்? என்ன பேசுவாள்? எதற்குச் சிரிப்பாள்? நான் யோசித்தேன். "நல்லா ரொட்டி சுடுவா" என்றேன். அவன் பேனாவை மூடினான். "இதை வெச்சு ரெண்டு பக்கம் எப்படிக்கா எழுதறது? அந்தச் செத்த மாமியாரே தேவலை" என்றான்.

இப்போது நீ சிரிப்பாய். சிரி. எனக்கு அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது. கல்யாணமாகி இரண்டு வருடம். நீ அவளோடு இருந்ததெல்லாம் சேர்த்து நாலு மாதம் இருக்கும். மீதி நாட்கள் முழுக்க என்னோடுதான் இருந்தாள். அவளைப் பற்றிக் கேட்டால் நான் ரொட்டி என்கிறேன்.

ஆனால் நான் வியாபாரி, எரிச்சலோடு உட்கார்ந்திருக்க மாட்டேன். கல்யாணத்துக்கு முன் பெகாயிம் மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள்தானே. சாப்பாடு முடிந்ததும் அவளிடம் நேராகவே பேசினேன். "அந்தக் கட்டுரையை நீ படி, நான் எழுதின மாதிரி ரெண்டு பக்கம் எழுதிக் கொடு. நீ எழுதிக் கொடுத்தா நான் உன்னை மிர்லான்கிட்ட அனுப்பறேன்" என்றேன். இரண்டு பேருக்கும் லாபம். இதைவிட நல்ல பேரம் எங்கே கிடைக்கும்?

அவள் தேநீர்ப் பானையைக் கீழே வைத்தாள். "அம்மா, நான் எழுதினா என் மனசுல இருக்கிறதைத்தான் எழுத வரும். அதை உங்க பேர்ல கொடுப்பீங்களா?" என்றாள். அப்படி என்ன இருக்கு மனசுல, சொல்லு என்றேன். "அதை மருமகளா உக்காந்துகிட்டு சொல்ல முடியாதும்மா." பிறகு, தலை குனிந்தபடியே, "அவர்கிட்ட போறதுக்கு நான் கூலி வேலை செய்ய மாட்டேன். அனுப்பறதுன்னா அனுப்புங்க, இல்லன்னா வேண்டாம்" என்றாள். சாப்பாட்டு விரிப்பைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

உன் பெண்டாட்டிக்கு இப்படி ஒரு நாக்கு உண்டு என்று உனக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சீனாக்காரனிடம் பேரம் பேசியவள். என் விலையை இப்படி யாரும் தள்ளிவிட்டு எழுந்து போனதில்லை.

ஆக, நானே படிக்க வேண்டியதாயிற்று. கடையில் மத்தியான வேளையில், கூட்டம் இல்லாதபோது, துணி அளக்கும் மேசையில் கட்டுரையை விரித்து வைத்தேன். அளவுக்குக் கோடு போடும் பென்சில்தான் கையில். முதல் பக்கத்திலேயே தலை சுற்றியது. இதை எழுதினவளுக்கு முற்றுப்புள்ளி வைக்க மனசே வராது போலிருக்கிறது. ‘குடும்பத்துக்குள் அதிகாரப் பகிர்வின் தலைமுறைசார் ஒழுங்கு’ என்று ஓரிடத்தில் வந்தது. சரக்கு ஒப்பந்தத்தில் புரியாத வரி வந்தால் என்ன செய்வேன்? இவன் என்னிடமிருந்து என்ன எடுக்கப் பார்க்கிறான் என்று கேட்டுக்கொண்டு திரும்பப் படிப்பேன். இதையும் அப்படியே படித்தேன். படித்துவிட்டு ஓரத்தில், ‘வீட்டில் யார் சொன்னதை யார் கேட்பது’ என்று எழுதினேன். எழுதியதும் ஏமாற்றமாகக்கூட இருந்தது. கீழே, ‘இதற்கா இத்தனை பெரிய சொல்?’ என்றும் எழுதினேன். பின்னால் தமாரா அதைப் பார்த்து, "தலைமுறைங்கறதை விட்டுட்டீங்களே அக்கா. இன்னைக்குக் கேட்டு நடக்கிறவதான் நாளைக்குக் கேக்க வைக்கிறா. அதுதான் அவங்க சொல்றது" என்றாள். திரும்பப் படித்துப் பார்த்தேன். அதுதான் இருந்தது. நான் துணியைக் குறைத்து வெட்டியிருந்தேன்.

நாலாம் பக்கத்தில் எழுதினவளைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். நாற்பது வீட்டுக்குப் போய் மருமகள்களைக் கேட்டாளாம். பக்கத்து அறையில் மாமியார் இருக்கும்போது எவள் உண்மை சொல்வாள் என்று ஓரத்தில் பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். ஆறாம் பக்கத்தில் அவளே அதைச் சொல்கிறாள். வீட்டில் சொன்னது வேறாக இருந்தது, அதனால் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் இடத்தில் காத்திருக்கும்போது மறுபடி பேசினேன் என்கிறாள். சரக்கை முழுக்கப் பார்க்காமல் விலை சொன்ன மாதிரி ஆயிற்று என் கதை. அழிக்கப் போனேன், பிறகு விட்டுவிட்டேன். அவசரப்பட்டதும் தெரியட்டும்.

போகப் போக வேகம் வந்தது. பக்கத்துக் கடை மீனாவர், "என்ன சல்கின், வரி இலாகா நோட்டீஸா? மூஞ்சி இப்படி இருக்கு?" என்று கேட்டாள். இல்லை, என்னைப் பற்றி யாரோ ஒருத்தி எழுதியிருக்கிறாள் என்றேன். அப்படியே வாயில் வந்துவிட்டது. ஓர் இடத்தில் விரிப்பின் ஓரத்தில், கதவுப் பக்கம் உட்கார்ந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றுகிற மருமகளைப் பற்றி ஒரு பத்தி. அவள் கிண்ணம் எப்போதும் பாதியில் ஆறிக் கிடக்கும் என்று. ஓரத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. அன்று சாயங்காலம் பெகாயிமின் கிண்ணத்தைப் பார்த்தேன். மேலே ஆடை படிந்திருந்தது. மறுநாளும் பார்த்தேன். பிறகு அந்தப் பத்திக்குப் பக்கத்தில், ‘சரி’ என்று மட்டும் எழுதினேன்.

பதினோராம் பக்கத்தில்தான் அந்த வரி. அப்படியே எழுதுகிறேன்: ‘மகன் ஊர் திரும்புவது நிற்காமலிருக்க, மருமகள் அவன் பெற்றோர் வீட்டில் வைத்துக்கொள்ளப்படும் பிணையாகிறாள்.’ நான் ‘பொய்’ என்று எழுதினேன். பென்சில் முனை தாளைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கத்தில் பதிந்தது. மீதி மூன்று பக்கத்தையும் கோபத்தோடுதான் படித்தேன், ஒன்றும் தலையில் ஏறவில்லை.

தமாராவிடம் காட்டப் போனபோது, எல்லா ஓரங்களையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தப் ‘பொய்’யில் வந்து நின்றாள். "ஒத்துக்காத இடத்துல எல்லாம் காரணம் எழுதியிருக்கீங்க. இங்க மட்டும் இல்லையே?" என்றாள். இது அவதூறு, இதற்குக் காரணம் வேறு வேண்டுமா என்றேன். "யார் மேல அவதூறு?" என்று கேட்டாள். நான் சட்டென்று சொல்ல ஆரம்பித்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைக்க ஆள் வேண்டும். வீட்டை யார் பார்ப்பது? அந்த ஊர்க் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. பஸ் ஓட்டுகிறவன் வாடகையும் கொடுத்துப் பெண்டாட்டியையும் வைத்துக் காப்பாற்ற முடியுமா? அவள் குறுக்கே பேசவில்லை. "எல்லாத்தையும் அந்த வரிக்குக் கீழ எழுதுங்க. எழுதிட்டு ஒவ்வொண்ணா நீங்களே கேள்வி கேட்டுப் பாருங்க. அப்புறம் வாங்க" என்றாள்.

எழுதினேன். சமையலுக்கு மீனாவரின் தங்கை வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். அதை அடித்தேன். வீட்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, பூட்டினால் பூட்டு. அடித்தேன். குளிரைப் பற்றி அவளிடம் நான் கேட்டதே இல்லை. அடித்தேன். வாடகை உன் கவலை. நீ என்னிடம் காசு கேட்கவில்லை, பெண்டாட்டியைத்தான் கேட்டாய். அடித்தேன். பிறகு தாளில் ஒன்றும் மிச்சமில்லை. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணத்துக்கு முன் நீ மூன்று வருடம் ஊருக்கு வரவில்லை. வேலை, விடுப்பு, டிக்கெட் என்று ஒவ்வொரு முறையும் ஒன்று சொன்னாய். கல்யாணத்துக்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு முறை வந்துவிடுகிறாய். யாரைப் பார்க்க வருகிறாய் என்று எனக்குத் தெரியாதா? நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. உன் வயதில் உன் அப்பாவும் என்னைப் பார்க்க மலை தாண்டி வந்தவர்தான். கதவு திறந்து நீ உள்ளே வரும்போது முதலில் என்னைத்தான் கட்டிக்கொள்கிறாய், ஆனால் கண் எங்கே தேடுகிறது என்று எனக்குத் தெரியும். அப்படியாவது வந்தால் போதும் என்றுதான் இருந்தேன்.

அந்த இரண்டு பக்கத்தில் இதைத்தான் எழுதினேன். கட்டுரைக்காரியோடு கடைசியில் நான் ஒத்துப்போகவில்லை என்றும் எழுதினேன். பிணைக்கு வைத்த பொருளை, வைத்தவன் வந்து கேட்டால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், சந்தையில் அதுதான் ஞாயம். என் மகன் கேட்டான், நான் கொடுக்கவில்லை. ஆக, அவள் எழுதியிருப்பது பிணை என்று. நான் செய்தது அதற்கும் ஒருபடி மேலே. அவள் என்னை மென்மையாகத்தான் சொல்லியிருக்கிறாள் என்று முடித்தேன். எழுதும்போது கை வலித்தது. பள்ளிப் படிப்பை விட்ட பிறகு இவ்வளவு நான் எழுதியதில்லை.

தமாரா படித்துவிட்டு ஐந்துக்கு நாலு மதிப்பெண் போட்டாள். ஐந்து ஏன் இல்லை என்று கேட்டேன். "கட்டுரை என்ன சொல்லுதுன்னு முதல்ல சுருக்கமா சொல்லியிருக்கணும். நீங்க வாசல்லயே சண்டைக்குப் போய்ட்டீங்க" என்றாள். பேரம் பேசிப் பார்த்தேன், படியவில்லை. ஆனால் பெயர் நீக்கவில்லை. டோக்டொசுனும் தேறிவிட்டான். அவன் வீட்டில் அம்மாவும் பெண்டாட்டியும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு இவன் சொல்வதைக் கேட்பதே இல்லை, இதைப் பற்றி ஏன் யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை என்று எழுதினானாம். மூன்று மதிப்பெண்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாள்களைப் பெகாயிம் முன்னால் வைத்தேன். படி என்றேன். அவள் கை துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த என் பென்சிலை எடுத்துக்கொண்டாள். எனக்குத் திக்கென்றது. தமாராவே சிவப்புக் கோடு போடாத தாள் அது. மெல்லப் படித்தாள், திருப்பினாள், மறுபடி முன்னால் வந்தாள். பிறகு ஓரிடத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டாள். ‘நான் அவளை ஒருநாளும் குறைவாக நடத்தியதில்லை’ என்று நான் எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில்.

என்ன இது என்று கேட்டேன். "புரியாத இடத்துல போடணும்னு உங்க டீச்சர் சொன்னதா நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க" என்றாள். அப்புறம் பேசினாள். நான் தேநீர்ப் பானையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன், அவள் பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று இங்கே எழுத மாட்டேன். அது அவள் சரக்கு, அவளே உனக்குக் கொடுக்கட்டும். சில இடத்தில் அவள் சொன்னது ஞாயம். சில இடத்தில் இல்லை, அதையும் சொன்னேன். படிப்பை நிறுத்தச் சொன்னது நான் இல்லை, கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்றுதான் சொன்னேன் என்றேன். "நீங்க பாக்கவே இல்லையேம்மா" என்றாள். அவள் கிண்ணத்தில் சூடாக ஊற்றிக் கொடுத்தேன். பாதிப் பேச்சில் அவள் சிரித்தாள். சாபிர் கேட்டானே, எதற்குச் சிரிப்பாள் என்று. இப்போது தெரியும். நான் தோற்றால் சிரிப்பாள்.

பிறகு பேரத்துக்கு உட்கார்ந்தோம். செப்டம்பரில் போ என்றேன், ஆப்ரிகாட் காய வைத்து முடியட்டும். ஜூன் என்றாள். ஆகஸ்ட் என்றேன். "ஜூன்மா" என்றாள், குரலை உயர்த்தாமல். பேரத்தில் குரலை உயர்த்தாதவர்களிடம் எனக்கு எப்போதும் பயம். சரி ஜூன், ஆனால் வருடத்தில் ஒரு மாதம் இரண்டு பேரும் இங்கே இருக்க வேண்டும், எந்த மாதம் என்று இப்போதே சொல் என்றேன். சொல்ல மாட்டேன் என்றாள். ஒரு வார்த்தையாவது கொடு என்றேன். "வார்த்தை கொடுத்துட்டு வந்தா அது வரவாம்மா? எங்களுக்கே வரணும்னு இருக்கும், வருவோம்" என்றாள். அதையும் விட்டுக்கொடுத்தேன். எந்தச் சரக்கையும் கையில் ஒரு பிடி இல்லாமல் நான் வெளியே விட்டதில்லை, மிர்லான். உனக்குத் தெரியும்.

அங்கே அவளைக் கதவுப் பக்கம் உட்கார வைக்காதே. படிப்பை முடிக்க அவளுக்கு ஆசை இருக்கிறது, வழி இருந்தால் விசாரி. குளிருக்கு நல்ல காலணியை நீயே கூடப் போய் வாங்கிக் கொடு, விலையைப் பார்த்து மலிவானதை எடுக்க விடாதே. உன் வண்டிக்குப் பாதை திறந்திருக்கட்டும், அறையில் அடுப்பு அணையாதிருக்கட்டும், இரண்டு பேராகப் போனவர்கள் மூன்று பேராக, நாலு பேராகப் பெருகுங்கள். கையேந்திக் கேட்கிறேன், ஆமீன்.

பேசி முடித்தது இதுதான். பள்ளி விடுமுறை விட்டதும், ஜூன் முதல் வாரம், பெகாயிம் புறப்படுகிறாள். விமானச் சீட்டு என் பொறுப்பு. சமையலுக்கு மீனாவரின் தங்கை வருகிறாள். அடுத்த பருவத்தில் தமாரா கொடுக்கும் ஒவ்வொரு கட்டுரையையும் நான் இங்கேயும் பெகாயிம் அங்கேயும் படிப்போம், ஞாயிற்றுக்கிழமை போனில் சண்டை போடுவோம். அந்த நேரத்தில் நீ குறுக்கே வரக் கூடாது. சீட்டு ஒருவழிக்குத்தான் எடுக்கிறேன். திரும்பும் தேதியை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

உன் அம்மா,
சல்கின்